உளவியல் மாணவரும் ஊர்த்தொண்டும்

மருத்துவம் பயில்பவன் நோயாளியின் கட்டிலருகே நின்று பயில்கிறான். உழவு பற்றிக் கற்பவன் வயல் வரப்பில் நின்று கற்கிறான். மனித மனத்தைக் கற்க விழைபவன் எங்கே நின்று கற்பது? நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் மாத்திரமா, அன்றி மக்கள் அழுதும் சிரித்தும் வாழும் ஊர்களிலுமா? பல்கலைக்கழகங்களில் உளவியல் பயிலும் இளைஞரை ஊர்த்தொண்டில் ஈடுபடுத்தல் வேண்டும் என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். அத்தொண்டினால் ஊருக்கு நன்மை விளைவது ஒருபுறம் இருக்க, மாணவருக்கு விளையும் நன்மை யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது. இவ்வினாவிற்கு விடை பகரும் வரலாறு ஒன்றுண்டு. அவ்விடையை உரைத்துப் பார்ப்பதற்கு மூதூரைப் போன்ற உரைகல் எளிதிற் கிடைப்பதன்று.

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்துள்ளது மூதூர். இலங்கையின் நீண்ட நதியாகிய மகாவலி கடலோடு கலப்பது இக்குடாவிலேதான். கடல்வழியே நோக்கின் திருகோணமலை அண்மையிலுள்ளது. தரைவழியே செல்வதாயின், ஆற்றுமுகங்கள் பல குறுக்கிடும். முன்னாளில் இவற்றைப் 'பாதை' எனப்படும் மிதவைகளில் ஏறியே கடந்தனர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பெற்றது. மூதூரிலும் தோப்பூரிலும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர், கிளிவெட்டி, மல்லிகைத்தீவு முதலியன தமிழ் ஊர்கள். தெற்கே வெருகல் வரையிலும் கடலோர வேடர் வழிவந்தோரும் உள்ளனர். கரைவலையும் வள்ளமும் நெல்வயலும் இவர்களின் பொதுச்செல்வம். வழிபாட்டில் வேறுபட்டோராயினும், ஒரே தமிழைப் பேசி, ஒரே சந்தையிற் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்து வந்தோர் இவர்.

வேற்று நாட்டார் ஒருவர் இந்நாட்டு மக்களின் மனத்தை அறிந்த வரலாறு தொடங்கியதும் இக்கரையிலேதான் என்பது வியப்புக்குரியது. புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்க்கும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதன் தலைவரும், அவர் மகன் இராபர்ட் நொக்சும், உடன்வந்தோர் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மூதூரில் ஒரு புளியமரத்தின் கீழ் இது நிகழ்ந்ததென்பது மரபு. 1893இல் அவ்விடத்தில் நினைவுக்கல் ஒன்றும் நாட்டப்பட்டது. அப்போது மகன் நொக்சின் வயது பத்தொன்பது. இன்று பல்கலைக்கழகத்திற் புகும் மாணவனின் வயது அது.

தந்தை மறுவருடமே காய்ச்சலால் இறந்தார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிற் கைதியாய் வாழ்ந்தான். எனினும் அவன் கூண்டில் அடைக்கப்பட்டவனல்லன். ஊரவரிடையே குடியிருத்தப்பட்டவன். தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்தான். பண்டங்களைச் சுமந்து ஊர் ஊராய்த் திரிந்தான். 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல் அக்கால மக்களின் உணவையும் உடையையும் மாத்திரமன்றி, அவர்தம் அச்சத்தையும் நம்பிக்கையையும் துக்கத்தையும் எடுத்துரைப்பது. அவன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் கற்றவனல்லன். கடன் கேட்டு வந்தவனோடு பேசியும், அயலவனோடு ஒரே மழையில் நனைந்தும் பெற்ற அறிவு அது. அவனை அங்கே வைத்தது வலுக்கட்டாயம். அவ்வறிவை ஒருவன் தன் விருப்பத்தாற் பெற இயலுமா என்பதே பிற்காலத்து உளவியலாரின் வினாவாயிற்று.

உளவியல் தனிக்கலையாக வளர்ந்தது ஆய்வுகூடத்திலேயாம். 1879இல் செர்மனியின் இலைப்சிக் நகரில் உண்ட் என்பார் நிறுவிய ஆய்வுகூடத்தை இக்கலையின் பிறப்பிடமாகக் கொள்வது வழக்கம். இந்தியாவிற் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இல் இதற்கெனத் துறை கண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1943இல் அவ்வழி சென்றது. இலங்கையில் உளவியல் நெடுங்காலம் மெய்யியலின் ஒரு கூறாகவும் ஆசிரியர் பயிற்சியின் ஒரு பாடமாகவும் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆய்வுகூடத்தால் விளைந்த நன்மை பெரிது. அளந்து பார்த்தலும், ஐயுற்றுச் சோதித்தலும், ஒப்பிட்டு முடிவு செய்தலும் அதன் கொடைகள். ஆயினும் சுவர்களுக்குள் வளர்ந்த இக்கலையில் ஒரு குறை நேர்ந்தது. துன்புறும் மனிதன் மாணவனின் பார்வைக்கு அப்பாற்பட்டவனானான். நூலில் அவன் ஒரு நோயின் பெயர். அட்டவணையில் ஓர் எண்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி அமெரிக்க நாட்டின் மனநோய் வைத்தியசாலைகளிலே தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவ்வைத்தியசாலைகளில் நோயாளர் நிரம்பி வழிந்தனர். பணியாளரோ மிகச் சிலர். பல்லாண்டுகளாக எவரும் வந்து காணாத நோயாளர் பலர் அங்கிருந்தனர். 1954இல் ஆவர்ட், இராட்கிளிவ் கல்லூரிகளின் மாணவர் வால்தம் நகரிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குத் தொண்டராய்ச் செல்லத் தொடங்கினர். 1957இல் கனெற்றிகட்டு மாநிலத்தில் ஓல்சுபெர்க் என்னும் உளவியலார் தோழமைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மாணவர் ஒருவர், நாட்பட்ட நோயாளர் ஒருவரை வாரந்தோறும் சந்திப்பார். உடன் நடப்பார், பேசுவார், பேச்சு எழாவிடின் வாளா அமர்ந்திருப்பார். மருந்து கொடுப்பதோ நோய்க்குப் பெயரிடுவதோ அவர் வேலையன்று. சந்திப்புகளின் பின், அனுபவம் மிக்க ஒருவரின் முன்னிலையில் மாணவர் குழுவாய்க் கூடித் தாம் கண்டவற்றை ஆராய்வர்.

இதனால் மாணவர்க்கு விளைந்தது யாது? ஓல்சுபெர்க்கும் துணைவரும் அதனை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டனர். தோழமைத் திட்டத்திற் சேர்ந்த மாணவரைச் சேராத மாணவரோடு அவர்கள் ஒப்பிட்டனர். சேர்ந்தோரிடம் பிறர் நடத்தையை எடைபோடுவதிலிருந்த கடுமை தணிந்திருந்தது. தம் குறைகளோடு தம்மை ஏற்றுக்கொள்ளும் இயல்பும் வளர்ந்திருந்தது. இது பரீட்சை வினாத்தாளில் அகப்படும் அறிவன்று. ஆயின் பிறருடைய மனத்தைத் தொழிலாகக் கொள்ளப் போகின்ற ஒருவனுக்கு இதனினும் இன்றியமையாத தகுதி வேறொன்றைச் சொல்லுதல் அரிது. 1965இல் பொசுத்தன் நகருக்கு அண்மையிலுள்ள சுவாம்சுக்கொட்டில் உளவியலார் கூடிச் சமுதாய உளவியல் என்னும் கிளைக்கு வித்திட்டனர். 1979இல் தூர்லக் என்பார் 42 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, முறையான பட்டம் பெறாத உதவியாளர் பல துறைகளிற் பட்டம் பெற்றோர்க்கு நிகரான பயனை விளைத்தனர் என எழுதினார். அம்முடிவின் முறைபற்றி விவாதமும் எழுந்தது. எனினும், துன்பத்தில் இருப்பவனுக்கு உடனிருக்கும் மனிதன் ஒருவனே ஓர் உதவி என்னும் கருத்து அதன்பின் எளிதில் ஒதுக்கப்படவில்லை.

மேனாட்டிலே இவ்வாறிருக்க, நம் நாட்டிலும் மாணவரை ஊருக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் வேரூன்றியது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்தினா தம் மாணவருடன் கனத்தோலுவை என்னும் பின்தங்கிய கிராமத்திற்குச் சென்று சிரமதானம் செய்தார். அங்கிருந்து பிறந்ததே சர்வோதய இயக்கம். இந்தியாவில் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. மண்வெட்டி பிடிக்கும் தொண்டு இது. மனத்துயர் கேட்கும் தொண்டு மற்றொன்று. 1974இல் கொழும்பில் யோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்திரயோ, வாழ்வில் வெறுப்புற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் செவிமடுக்கத் தொண்டரைப் பயிற்றியது. யாழ்ப்பாணத்தில் 1987இல் சாந்திகம் தோன்றியது. மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைந்தது. போரின் நடுவே தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒன்றாய் அங்கு வந்து களிமண்ணும் வண்ணமும் கதையும் கொண்டு விளையாடினர். சிறுவரை நோக்கி, நடந்ததைச் சொல் என்று எவரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் தம் நேரத்தில், தம் வழியில் அதனை வெளியிட்டனர்.

இத்தனை பாடங்களும் ஒருங்கே சோதிக்கப்பட்ட நாள் 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. திருகோணமலை மாவட்டத்தில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூதூர்க் கரையும் தப்பவில்லை. ஏறத்தாழ இரண்டு கோடி மக்களைக் கொண்ட நாட்டில் அப்போது மனநல வைத்தியர் ஐம்பது பேர்தாமும் இல்லை. ஆகவே உலகின் பல பாகங்களிலிருந்தும் உளவளத்துணையாளர் என்ற பெயருடன் பலர் வந்திறங்கினர். அவருட் சிறந்தோர் இருந்தனர். மொழியறியாதோரும் இருந்தனர். வினாக்கொத்துகளுடன் வந்து, முகாம்களில் இருந்தோரிடம் அவர் இழந்தவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்டெழுதிக்கொண்டு, மீண்டும் வாராது போனோரும் இருந்தனர். ஒரே தாய் ஒரே துயரத்தை வேறு வேறு ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கு அறிவியலே சான்று பகர்ந்துள்ளது. பேரிடர் நிகழ்ந்த உடனேயே, பாதிக்கப்பட்டோரை ஒருமுறை அமர்த்தி நடந்ததை விரிவாய்ச் சொல்வித்தால் மனம் தெளியும் எனப் பலர் நம்பியிருந்தனர். அம்முறை பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த மதிப்பாய்வு, அது பிற்கால மனத்தாக்கத்தைத் தடுக்கவில்லை என்றும், சிலர்க்குத் தீங்கும் விளைத்திருக்கலாம் என்றும் கூறிற்று. பேசவிரும்பாதவனைப் பேசச்செய்தல் ஆறாத புண்ணைக் கிளறுவதையொக்கும். இதனாலேயே 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகளும், 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளமுதலுதவிக் கைந்நூலும் வேறு வழியைக் காட்டின. நிலைமையைப் பார்த்தல், சொல்ல வருவதைக் கேட்டல், தேவைப்படும் உதவியோடு இணைத்தல் என்பனவே அக்கைந்நூலின் மூன்று படிகள். உணவும் உறைவிடமும் உறவினர் பற்றிய செய்தியும் மனநல உதவியின் புறத்தே நிற்பன அல்ல. அவையே அதன் அடித்தளம்.

அதே ஆழிப்பேரலையின் பின் சென்னையில் வேறொரு காட்சி தோன்றிற்று. தற்கொலைத் தடுப்பிற்காக 1986இல் இலட்சுமி விசயகுமார் நிறுவிய சிநேகா என்னும் தொண்டு நிறுவனம், கடலோரக் குப்பத்தில் உறவினரை இழந்த குடும்பங்களுக்குப் பயிற்சி பெற்ற தொண்டரை அனுப்பியது. தொண்டர் ஒரு நாள் வந்து போனவரல்லர், மாதக்கணக்காய் வந்துகொண்டேயிருந்தவர். அதன் விளைவு பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஓராண்டின் பின் அக்குடும்பத்தினரிடம் மனச்சோர்வும் உளத்துன்பமும், அத்தகைய துணை கிடைக்காதோரிடம் இருந்ததிலும் குறைவாய்க் காணப்பட்டன. மூதூர்க் கரையில் வாழ்வோரைப் போன்றே அவர்களும் மீனவர். அவர்களைக் கொண்டுபோனதும் அதே கடல். வேறுபாடு துணைநின்றோரின் பட்டத்தில் அன்று. திரும்பத் திரும்ப வந்தமையிலேயே இருந்தது.

மூதூருக்கோ கடலின் சீற்றத்தோடு துயரம் முடியவில்லை. 2006ஆம் ஆண்டு ஆகத்து மாதத் தொடக்கத்தில் நகரிற் போர் மூண்டது. முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறிக் கந்தளாயிற் புகலடைந்தனர். சம்பூர் முதலிய மூதூர்க் கிழக்கின் தமிழ் மக்கள் தெற்கு நோக்கி மட்டக்களப்பு வரை இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் தம் காணிகளுக்கு மீள ஆண்டுகள் பல சென்றன. ஆகத்து 4ஆம் நாள், ஆழிப்பேரலையால் நலிந்தோர்க்குக் குடிநீரும் சுகாதார வசதியும் அமைத்துக் கொடுத்து வந்த பிரெஞ்சு நிவாரண நிறுவனமொன்றின் உள்நாட்டுப் பணியாளர் 17 பேர் மூதூரிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பதினறுவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தொண்டின் நன்மைகளை எடுத்துரைப்போர் அது எப்போதும் இனிய பொழுதுபோக்கென எண்ணிவிடாதிருக்க இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் தகும். மாணவரை ஊருக்கு அனுப்பும் பல்கலைக்கழகம் அவருடைய பாதுகாப்பிற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இத்தகைய ஊரில் உளவியல் மாணவர் ஒருவர் முறையாகத் தொண்டு செய்வாராயின் அவர் கற்கும் முதற்பாடம் துயரத்தின் மொழி. நூலில் உள்ள நோய்ப் பெயர்களை இங்கு எவரும் சொல்லார். நெஞ்சு அடைக்கிறது என்பர், தலைப்பாரம் என்பர், பெருமூச்சு என்பர், ஒன்றும் சொல்லாது முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பாரும் உளர். 'விசர்' என்னும் ஒரு சொல் விளையாட்டுக் கோபம் முதல் கடுமையான மனநோய் வரை யாவற்றையும் சுட்டும். அச்சொல்லிற்கு அஞ்சியே வைத்தியரிடம் செல்லாதோர் பலர். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா அனுட்டிப்பாள். அதனை அறியாத மாணவர், வெளியே வராது ஒதுங்கியிருக்கும் அவளை நோயுற்றவள் எனக் குறித்துக்கொள்ளவுங் கூடும். முப்பத்தோராம் நாட் கிரியையும் கத்தம் ஓதலும் துயரை ஊரார் பகிர்ந்து சுமக்கும் வழிகள் என்பதும், உடல் கிடைக்காத மரணத்தில் இவ்வழிகள் தடைப்படும்போது துயர் ஏன் நீள்கிறது என்பதும் அவருக்கு மெல்ல விளங்கும்.

இரண்டாவது பாடம், மனம் தனியொருவனுக்கு மாத்திரம் உரியதன்று என்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம், நீண்ட போரும் பேரிடரும் தனிமனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் சமுதாயத்தையும் காயப்படுத்துகின்றன என்றும், அக்காயம் சமுதாய மட்டத்திலேயே ஆற்றப்பட வேண்டும் என்றும் எழுதியுள்ளார். கயத்திரி பெர்னாண்டோ என்னும் உளவியல் அறிஞரும், மேனாட்டுப் பட்டியல்களை முதலிற் கொண்டு செல்லாமல், துன்பத்தின் பின் நன்றாக இருப்பவர் யார், நலிந்தவர் யார் என்று இந்நாட்டு மக்களிடமே கேட்டறிந்து, 2008இல் எழுதினார். உறவுகளும் சமூகக் கடமைகளும் மக்கள் தந்த விடைகளில் முதன்மை பெற்றிருந்தன. வலை இழுக்க மீண்டும் போகிறானா, கலியாண வீட்டிற்கு வருகிறாளா, அயலவரோடு பேசுகிறாளா என்பன மூதூரிற் கேட்கத்தக்க உளவியல் வினாக்கள். மறுபுறத்து ஊரவனோடு மீண்டும் சந்தையில் நின்று பேசுகிறானா என்பதும் அவற்றுள் ஒன்று.

மூன்றாவது பாடம், மாணவர் தம்மைப் பற்றிக் கற்பது. பிறர் அழும்போது உடனே ஆறுதற் சொல்லத் துடிப்பது யாருடைய நலனுக்காக? அழுபவரின் நலனுக்காகவா, அழுகையைப் பொறுக்கமாட்டாத தம் நலனுக்காகவா? அமைதியைத் தாங்கப் பழகுதலும், தம்மால் இயலாததை இயலாது என ஒப்புக்கொண்டு வைத்தியரிடமோ பொறுப்பான அதிகாரியிடமோ சேர்ப்பித்தலும், கேட்ட இரகசியத்தைக் காத்தலும் விரிவுரை மண்டபத்தில் விளக்கப்படலாம், பழக்கப்படுவது ஊரிலேதான். இத்தொழிலுக்குத் தாம் தகுந்தவரா என்பதையும் சிலர் இங்கேதான் அறிவர். பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழித்து அறிவதினும் இது நன்று.

ஆயினும் இந்நன்மைகள் தாமாக வருவனவல்ல. ஒரு வாரம் சென்று படமெடுத்துச் சான்றிதழுடன் திரும்பும் மாணவர் ஊருக்கும் உதவார், தமக்கும் உதவார். வரவு சீராக இருத்தல் வேண்டும். எப்போது நிறுத்தப்படும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்படல் வேண்டும். அனுபவம் உடைய மேற்பார்வையாளர் இருத்தல் வேண்டும். பாடசாலை, பள்ளிவாசல், கோவில், மீனவர் சங்கம், மாதர் சங்கம் ஆகியவற்றின் சம்மதம் முதலில் வேண்டும். தமிழ் ஊருக்கு மாத்திரமோ முஸ்லிம் ஊருக்கு மாத்திரமோ சென்று மற்றதை மறத்தல் ஆகாது. துயரைப் பற்றிய கேள்வித்தாளோடு தொடங்குவதிலும், சிறுவரின் மாலை வகுப்பிற்கு உதவுவதும், முதியவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் சிறந்த தொடக்கங்கள். நம்பிக்கை பிறந்தபின், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் தாமே சொல்வர். சொல்லாதிருப்பவரின் உரிமையும் மதிக்கப்படும். கேட்டவற்றை ஆய்வாக எழுத விரும்பின், அதற்குத் தனியே இசைவு பெறுதல் கடன்.

உளவியல் மாணவர்க்குத் தொண்டினால் விளையும் நன்மை, தம் நன்மையை முதற்கண் கருதாத இடத்திலேதான் விளைகிறது. ஊரைப் பாடப்புத்தகமாக எண்ணிச் செல்பவருக்கு ஊர் தன் ஏடுகளை மூடிக்கொள்ளும். அயலவராய்ச் செல்பவருக்கு மெல்லத் திறந்து காட்டும். கடலாலும் போராலும் நலிந்தும் மீண்டும் வலையும் வயலும் பள்ளியுமாய் எழுந்து நிற்கும் மூதூர் மக்கள் பிறரின் பரிவிற்கு மாத்திரம் உரியவரல்லர். துயரை வென்று வாழும் கலையில் அவர் ஆசிரியர். அவரிடம் மாணவராய்ச் செல்லும் பணிவு நம் பல்கலைக்கழக இளைஞருக்கு வாய்க்குமாயின், ஊரும் பயன்பெறும், உளவியலும் உயிர்பெறும்.